காத்திவாக்கத்துக்கு எதுக்குங்க எட்டுக் கம்பம்?

ஹாம் ரேடியோக்காரர்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில் ஒரு கேள்வியைப் போட்டுப் பாருங்கள். "ராத்திரியில 160 மீட்டர், 80 மீட்டர் பேண்டுல தூரத்து ஸ்டேஷன் எதுவும் காதுல விழ மாட்டேங்குது. கேக்கறதுக்குன்னு தனியா ஒரு ஆன்டெனா வைக்கலாம்னு இருக்கேன் சார். எது வைக்கலாம்?"

ஐந்தே நிமிஷத்தில் பதில் வரும். எட்டுக் கம்பத்தை வட்டமாக நடு. முடியாவிட்டால் நாலு கம்பத்தைச் சதுரமாக நடு. அதற்கும் வழியில்லை என்றால் பெவரேஜ் கம்பி இழு. கேட்டவர் எந்த ஊர், வீடு எத்தனை சதுர அடி, மொட்டை மாடியில் ஏறி நின்றால் எதிரே என்ன தெரிகிறது என்று ஒருத்தரும் விசாரிப்பதில்லை. நாடி பிடிக்காமலே சீட்டு எழுதித் தருகிற வைத்தியம்.

கேட்டவர் காத்திவாக்கத்துக்காரர் என்றால் அந்தச் சீட்டு தப்பான சீட்டு. கொஞ்சநஞ்சத் தப்பு இல்லை, நோயே வேறு.

ரேடியோ பக்கமே போகாத காமர்ஸ் மக்களுக்காக ஒரு சின்ன முன்னுரை. விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பத்தி தாண்டிக் குதித்துவிடலாம் :-)

ஹாம் ரேடியோ என்றால் பரீட்சை எழுதி, மத்திய அரசிடம் லைசென்ஸ் வாங்கி, சொந்தமாக ரேடியோ நிலையம் வைத்துக்கொண்டு பேசுவது. மொபைல் டவரும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். இதில் 'லோ பேண்ட்' என்பது நீளமான அலைகள் ஓடுகிற பகுதி: 1.8 மெகாஹெர்ட்ஸ் (160 மீட்டர்), 3.5 மெகாஹெர்ட்ஸ் (80 மீட்டர்), 7 மெகாஹெர்ட்ஸையும் (40 மீட்டர்) சேர்த்துக்கொள்வார்கள். பகலில் இவை அக்கம்பக்கத்தோடு சரி. பொழுது சாய்ந்த பிறகுதான் தூரதேசம் எட்டும். சூரியன் ஆடி அடங்குகிற வருஷங்களில் இந்த பேண்டுகளுக்கு யோகம். சூரியன் தன் 11 வருஷச் சுற்றின் உச்சகட்டத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் நாசா தரப்பில் அறிவித்தார்கள். உச்சம் தாண்டினால் இறக்கம். அதனால்தான் ஹாம்களுக்கு லோ பேண்ட் ஆசை திரும்ப வந்திருக்கிறது.

அனுப்ப ஒரு ஆன்டெனா, கேட்க இன்னொரு ஆன்டெனா எதற்கு? விடியற்காலையில் காசிமேடு மீன் ஏலத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். பத்தடி தள்ளி நிற்கிற சித்தப்பா என்னமோ சொல்கிறார், கேட்கவில்லை. அவர் குரல் சின்னது என்பதல்ல காரணம், சுற்றிலும் கூச்சல். அப்போது காதில் ஒலிபெருக்கி மாட்டிக்கொண்டால் சித்தப்பாவோடு சேர்ந்து கூச்சலும் பெரிதாகும். கையைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைத்து அவர் பக்கம் திரும்பினால் கொஞ்சம் கேட்கும். லோ பேண்டிலும் அதே கதைதான். இடி மின்னலின் கரகரப்பும் ஊர் மின்சாரத்தின் உறுமலும் ரிசீவரின் சொந்த இரைச்சலை விடப் பலமடங்கு அதிகம். அதனால் கேட்கிற ஆன்டெனா நிறைய வாங்கிக் கொட்ட வேண்டியதில்லை. வேண்டாததை விட்டுவிட்டு வேண்டியதை வாங்கினால் போதும், எவ்வளவு கொஞ்சமாக வாங்கினாலும் சரி.

கத்தத் தெரிந்து கேட்கத் தெரியாத நிலையங்களுக்கு ஹாம்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர் 'முதலை'. வாய் மட்டும் பெரிது, காது கிடையாது. நம்ம ஊரில் பட்ஜெட் முழுவதும் வாய்க்குத்தான் போகிறது, அது தனிக் கச்சேரி.

இப்போது அந்தச் சீட்டில் உள்ள மருந்துகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பழைய மருந்து பெவரேஜ். ஹரால்டு பெவரேஜ் என்ற அமெரிக்க எஞ்சினியர் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர் (கூல்டிரிங்க்ஸ் சம்பந்தம் இல்லை). தலைக்கு மேலே போகிற உயரத்தில் நீளமாக ஒரு கம்பி, கடைசியில் ஒரு ரெசிஸ்டர், அவ்வளவுதான். 1921 டிசம்பரில் பால் காட்லி என்ற அமெரிக்க ஹாம் கப்பலேறி ஸ்காட்லாந்து போய், ஆர்ட்ராஸன் கடற்கரைப் பக்கம் ஒரு வயலில் கூடாரம் அடித்து, சுமார் 1,300 அடி நீளத்துக்கு இந்தக் கம்பியை இழுத்து, அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இருந்த அமெரிக்க ஹாம் நிலையங்களைக் கேட்டுக் காட்டினார். குளிரும் மழையும் பிடுங்கி எடுத்த இடம். நூறு வருஷம் தாண்டியும் பெவரேஜுக்கு இருக்கிற மரியாதை நியாயமானதுதான்.

ஆனால் காட்லிக்கு வயல் இருந்தது. 160 மீட்டர் பேண்டில் ஒரு முழு அலை நீளம் என்றாலே 500 அடிக்கு மேல். காத்திவாக்கத்தில் ஒரு தெருவின் இந்த முனையில் தொடங்கினால் அடுத்த தெரு முனையில்தான் முடியும். நடுவில் எத்தனை வீட்டுக் கொடிக்கயிறு, எத்தனை கேபிள் டிவி ஒயர், எத்தனை பஞ்சாயத்து!

"எண்ணூர் கழிமுகம் பக்கம்தான் காலியாக் கிடக்கே, அங்க இழுத்தா என்ன?" என்று கேட்கிற புத்திசாலிகளும் உண்டு. முதலில், அது காலி இடம் இல்லை. தலைமுறை தலைமுறையாக மீன், இறால் பிடிக்கிறவர்களின் இடம். ஏற்கெனவே சாம்பலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் வந்த எண்ணெயும் கலந்த இடம். 'காலி' என்று நினைத்துத்தான் ஆளாளுக்கு அங்கே எதையாவது கொண்டுவந்து போட்டார்கள். ஹாம்காரரும் தன் பங்குக்குக் கம்பி இழுக்க வேண்டாம். இரண்டாவது காரணம் சுத்தமான எலெக்ட்ரானிக்ஸ். மண் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாத இடத்தில்தான் பெவரேஜ் நன்றாக வேலை செய்யும். ஓடிவருகிற அலையின் காலை அந்த மோசமான மண் கொஞ்சம் பின்னுக்கு இழுக்க, அலை முன்னால் சாய்கிறது. அந்தச் சாய்வைத்தான் கம்பி பிடிக்கிறது. உப்புத் தண்ணீரும் உப்புச் சேறும் மிக நன்றாகக் கடத்துபவை. அலை சாயாது, கம்பிக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். அனுப்புகிற செங்குத்துக் கம்பத்துக்குக் கடலோரம் சொர்க்கம், பெவரேஜுக்கு அதே கடலோரம் பாலைவனம். இந்த ஒரு வரியைக்கூட எச்சரிக்கையாகச் சொல்லாமல் 'பெவரேஜ் இழு' என்று கடலோரத்துக்காரருக்குச் சீட்டு எழுதுகிறார்கள் என்றால் என்ன சொல்வது?

அடுத்த மருந்து, கம்பங்கள். குட்டையான கம்பங்களை நட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் வருகிற சிக்னலைக் கணக்காகத் தாமதப்படுத்திச் சேர்த்தால், ஒரு திசையிலிருந்து வருவது ஒன்றோடு ஒன்று கூடும், மற்றவை அடித்துக்கொண்டு குறையும். நாலு கம்பம் வைத்து ஸ்விட்சைத் திருப்பினால் நாலு திசை. எட்டு வைத்தால் எட்டுத் திசை. அருமையான யோசனை, மறுப்பே இல்லை.

இவற்றை ஒப்பிட ஓர் எண் வைத்திருக்கிறார்கள், ஆர்.டி.எஃப். பார்க்கிற திசையில் ஆன்டெனாவின் காது எவ்வளவு கூர்மை, எல்லாத் திசையிலும் சேர்த்துச் சராசரியாக எவ்வளவு, இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அது. தனியாக நிற்கிற குட்டைக் கம்பத்துக்குச் சுமார் 5 டெசிபல். கொடி (ஃபிளாக்), கே9ஏஒய் மாதிரிச் சின்ன லூப்களுக்குச் சுமார் 7. நாலு கம்பச் சதுரத்துக்குச் சுமார் 11. எட்டுக் கம்ப வட்டத்துக்குச் சுமார் 13. அட்டவணையை மேலிருந்து கீழே பார்த்துப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்வதுதான் இந்த வைத்தியர்களின் மொத்த ஞானம்.

'சராசரி' என்ற வார்த்தையை காமர்ஸ் படிப்பவர்கள் சும்மா விடக்கூடாது. சென்னைக்கு வருஷத்துக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை. 365-ஆல் வகுத்தால் நாளுக்கு நாலு மில்லிமீட்டர்கூட இல்லை. அந்தக் கணக்கை நம்பி யாராவது தினமும் குடை எடுத்துப் போகிறார்களா? மழை நவம்பர், டிசம்பரில் வந்து கொட்டிவிட்டுப் போகிறது. ஆர்.டி.எஃப். கணக்கும் இரைச்சல் நாலாபக்கமிருந்தும் சமமாகத் தூறுகிறது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. ஆள் அரவமில்லாத பண்ணை நிலத்தில் அது ஓரளவு உண்மை. லோ பேண்டுக்கு வேதப்புத்தகம் மாதிரி இருக்கிற 'லோ-பேண்ட் டிஎக்ஸிங்' எழுதிய ஜான் டெவோல்டர் பெல்ஜியத்துக்காரர். பெரிய ஆன்டெனா வைத்துப் பார்த்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இப்படி இடம் இருக்கிறவர்கள்தான். அவர்கள் எழுதியதில் பிழை இல்லை. அதை வல்லூருக்கும் மணலிக்கும் நடுவில் வைத்துப் படிக்கிறவரின் கண்ணாடியில்தான் பிழை.

வரைபடத்தை எடுங்கள். காத்திவாக்கத்திலிருந்து லண்டன் சுமார் 320 டிகிரியில், அதாவது வடமேற்கில். நியூயார்க் இன்னும் கொஞ்சம் வடக்கே, சுமார் 337 டிகிரி. லோ பேண்ட் ஆசாமிகள் ராத்திரி தூக்கத்தை விட்டுக் கேட்க ஏங்குவது இந்த இரண்டு பக்கத்தைத்தான். அதே வடமேற்கில் மூன்று கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் என்ன இருக்கிறது? 1,500 மெகாவாட் வல்லூர் அனல் மின் நிலையம். வடக்கே முகத்துவாரத்தைத் தாண்டினால் வடசென்னை அனல் மின் நிலையம். இவற்றிலிருந்து கிளம்புகிற உயர் அழுத்தக் கம்பிகள். நடுவில் 25 ஆயிரம் வோல்ட் மின்கம்பியோடு கும்மிடிப்பூண்டி ரயில் பாதை. அதற்கு மேல் தினமும் வீசுகிற உப்புக் காற்றும் தூசியும் இன்சுலேட்டர்களில் படிந்து, சாயங்காலப் பனி ஈரம் பட்டதும் மினுக் மினுக்கென்று பொறி. அந்தப் பொறி ஒவ்வொன்றும் ஒரு குட்டி ரேடியோ நிலையம், லைசென்ஸ் இல்லாதது.

லண்டனைப் பார்த்து எட்டுக் கம்பத்தைத் திருப்பினால் லண்டனும் கூடும், வல்லூரும் கூடும். ஒரே திசையில் வருகிற இரண்டை எந்தத் திசை ஆன்டெனாவாலும் பிரிக்க முடியாது. 13 டெசிபல் என்ற எண் அச்சில் அப்படியே இருக்கும், காதில் மட்டும் இருக்காது.

நியாயத்துக்கு இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். உலகத்திலேயே இடி மின்னல் அதிகமாக விழுகிற மூன்று பிரதேசங்களில் ஒன்று இந்தோனேசியத் தீவுக் கூட்டம். ஜகார்த்தா இங்கிருந்து சுமார் 124 டிகிரி. ஐரோப்பாவைப் பார்க்கிற ஆன்டெனாவுக்கு அது கிட்டத்தட்ட முதுகுப்பக்கம். ஆக, தூரத்து இடியை அடக்க அந்த அணி உதவும். ஆனால் மூன்று கிலோமீட்டரில் ஒருத்தன் தகரம் தட்டிக்கொண்டிருக்கும்போது, மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உருள்கிற இடியை அடக்கி என்ன லாபம்?

இடக் கணக்கு இன்னும் வேடிக்கை. மார்ஜினல் காஸ்டிங் பாடத்தில் 'கீ ஃபாக்டர்' என்று ஒன்று படிப்போமே, எது குறைவாக இருக்கிறதோ அதன் ஒரு அலகுக்கு எவ்வளவு பலன் என்று பார்த்துத்தான் வரிசைப்படுத்த வேண்டும் என்று. பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துபோகிற சமாச்சாரம். சென்னையில் குறைவாக இருப்பது நிலம். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. எட்டுக் கம்ப வட்டத்துக்குச் சின்ன அளவே சுமார் 200 அடி விட்டம், பெரியது 350 அடி வரை போகும். சின்னதையே எடுத்துக்கொண்டாலும் 31,400 சதுர அடி, அதாவது 13 கிரவுண்டு. நாலு கம்பச் சதுரம், பக்கத்துக்கு 80 அடி என்றால் 6,400 சதுர அடி, இரண்டே முக்கால் கிரவுண்டு. இந்த இரண்டுக்கும் ஆர்.டி.எஃப். வித்தியாசம் சுமார் 2 டெசிபல். அதற்கு விலை பத்து கிரவுண்டு! காத்திவாக்கத்தில் பத்து கிரவுண்டு வைத்திருப்பவருக்கு ஆன்டெனா ஆலோசனை தேவைப்படாது, ரியல் எஸ்டேட் ஆட்களைச் சமாளிக்கவே நேரம் சரியாக இருக்கும்.

சரி, பெரியதெல்லாம் வேண்டாம் என்றால் என்னதான் வைப்பது?

முதலில் எதையும் வைக்கக்கூடாது. கேட்க வேண்டும். பேட்டரியில் ஓடுகிற பழைய மீடியம் வேவ் டிரான்சிஸ்டர் ஒன்று போதும், பரண் மேல் தாத்தாவுடையது கிடக்கும். ஸ்டேஷன் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை வைத்துவிட்டு, வீட்டு மெயின் ஸ்விட்சை அணையுங்கள். உறுமல் குறைந்தால் வில்லன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். எல்.இ.டி. பல்பு, மொபைல் சார்ஜர், இன்வெர்ட்டர், லேப்டாப் அடாப்டர், இவற்றில் ஏதாவது ஒன்று. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் மாட்டிக்கொள்ளும். விலை மலிவான சார்ஜர் ஒன்றை மாற்றுவதில் கிடைக்கிற அமைதி, நாலு கம்பம் நட்டும் கிடைக்காமல் போகலாம்.

மெயினை அணைத்தும் உறுமல் அப்படியே இருந்தால் ரேடியோவைக் கையில் வைத்து மெதுவாகத் திருப்புங்கள். உள்ளே இருக்கிற ஃபெரைட் குச்சியின் முனை இரைச்சல் வருகிற பக்கம் நீட்டிக்கொண்டு இருக்கும்போது சத்தம் சட்டென்று விழும். அந்தக் கோட்டைக் காகிதத்தில் வரையுங்கள். இரண்டு தெரு தள்ளிப் போய் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில் பெரும்பாலும் 400 கிலோவோல்ட் கோபுரம் இருக்காது. தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மரோ, நட்டு தளர்ந்த சாதாரண மின்கம்பமோ இருக்கும். பெரிய கோபுரத்தைத் திட்டுவது சுலபம், பிடிபடுகிற திருடன் பெரும்பாலும் சின்னக் கம்பம்தான். கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். 'ரேடியோ கேட்கவில்லை' என்று எழுதினால் சிரிப்பார்கள். 'கம்பத்தில் பொறி பறக்கிறது' என்று எழுத வேண்டும். அதுவும் உண்மைதான் ;-)

இவ்வளவும் செய்த பிறகு மிச்சம் இருக்கிற இரைச்சலுக்குத்தான் ஆன்டெனா. அங்கே பார்க்க வேண்டியது முன்பக்கக் கூர்மையை அல்ல, முதுகுப் பக்கத்துச் செவிட்டுத்தனத்தை. ஒரே ஒரு திசையிலிருந்து வருகிற உள்ளூர் இரைச்சலை, சாதாரணச் சின்ன லூப் ஒன்று சரியாகத் திருப்பி வைத்தால் 20 டெசிபல் அளவுக்குக்கூட அமுக்கிவிடும். எட்டுக் கம்பத்துக்கும் நாலு கம்பத்துக்கும் உள்ள 2 டெசிபலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரைச்சல் மூன்று நாலு திசையிலிருந்து ஒரே சமயம் வந்தால் இந்த வித்தை பலிக்காது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. அதனால்தான் முதலில் காகிதமும் பென்சிலும்.

'கொடி' என்கிற ஃபிளாக் ஆன்டெனா சுமார் 29 அடி நீளம், 14 அடி உயரம் உள்ள கம்பிச் செவ்வகம். ஒரு ரெசிஸ்டர், ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர், கூடவே ஒரு நல்ல ப்ரீ-ஆம்ப் (கொடி வாங்குகிற சிக்னல் ரொம்பக் கொஞ்சம்). இதற்குத் தரையில் எர்த் அடிக்க வேண்டியதில்லை, அதனால் மொட்டை மாடிக்கு ஒத்துவரும். கட்டட வேலைக்கு வாங்குகிற சவுக்குக் கம்பு இரண்டு போதும். கே9ஏஒய் லூப், 1997-இல் கேரி பிரீட் என்பவர் எழுதி வெளியிட்டது. ஒரே கம்பம், 25 அடி உயரம், முப்பதடிக்குள் இடம். ஆனால் இதற்கு மண் தரை வேண்டும். எதுவானாலும் கேபிள் மாடிப்படியில் இறங்கி வரும் வழியில் ஃபெரைட் வளையம் போட மறக்கக்கூடாது. இல்லாவிட்டால் வீட்டு இரைச்சல் கேபிளின் வெளிக்கவசத்தில் ஏறி மாடிக்குப் போய், ஆன்டெனா வழியாகத் திரும்ப வரும். ஆயிரக்கணக்கில் டாலர் கொடுத்து, சுங்கவரியும் கட்டி இறக்குமதி செய்த அணியைக்கூட இந்த ஒரு கேபிள் குப்பையாக்கிவிடும்.

திருப்புவது எந்தப் பக்கம்? இங்கேதான் காத்திவாக்கத்துக்கு ஒரு அதிர்ஷ்டம் ஒளிந்திருக்கிறது. டோக்கியோ இங்கிருந்து சுமார் 56 டிகிரி, வடகிழக்கு. முன்னால் வங்கக் கடல், அங்கே மின்கம்பமும் இல்லை, டிரான்ஸ்ஃபார்மரும் இல்லை. முதுகுப் பக்கம் சுமார் 236 டிகிரி, தென்மேற்கு. அங்கே மணலி! கொடியின் செவிட்டுப் பக்கம் தானாகவே தொழிற்சாலைகள் மேல் போய் விழுகிறது. ஜப்பானில் நேரம் மூன்றரை மணி முன்னே. இங்கே பொழுது சாய்கிறபோது அங்கே ராத்திரி ஒன்பதரை, குளிர்காலத்தில் நம் கணக்குக்கு விடிகாலை மூன்று மணி வரை வழி முழுவதும் இருட்டு. புத்தகம் எழுதிய ஐரோப்பியருக்கு ஜப்பான் கஷ்டம், அமெரிக்கா சுலபம். அவர்கள் பட்டியலை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டு, வாசலில் கடல் இருப்பதைப் பார்க்காமல் வல்லூர்ப் பக்கமே ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்ன கணக்கு? ஐரோப்பா வேண்டாம் என்பதில்லை. நல்ல மழை பெய்து இன்சுலேட்டரெல்லாம் கழுவி விட்ட ராத்திரி அதற்கு இருக்கிறது.

இன்னொரு சங்கதி, அட்டவணைக்காரர்கள் வாயே திறக்காதது. இந்தக் கம்ப அணிகள் எல்லாம் அடிவானத்தை ஒட்டித் தாழ்வாக வருகிற தூரதேசத்துச் சிக்னலுக்காகச் செய்தவை. தலைக்கு மேலிருந்து இறங்குவதை அவை வேண்டுமென்றே ஒதுக்கும். ஆனால் 40, 80 மீட்டரில் வேலூர், பெங்களூர், திருச்சி ஹாம்கள் பேசுவது வானத்தில் ஏறி, செங்குத்தாகத் திரும்பி இறங்குகிறது. ஆக, அணி எவ்வளவு உசத்தியோ, பக்கத்து மாவட்டம் அவ்வளவு மங்கல்.

இது பொழுதுபோக்குச் சண்டை மட்டும் என்று நினைக்கிறவர்கள் 2004 டிசம்பரை ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். பாரதி பிரசாத் என்ற ஹாம், வியூ4ஆர்பிஐ என்ற அழைப்புக்குறியோடு, குழுவாகப் போர்ட் பிளேயருக்குப் போயிருந்தார். அந்தமானிலிருந்து ஹாம் ரேடியோ பல வருஷமாக ஒலிக்காததால் உலகமே வரிசையில் நின்று அவரோடு பேசிக்கொண்டிருந்தது. 26-ஆம் தேதி காலை நிலம் ஆடி, கடல் வந்தது. எண்ணூர்க் கரையிலும் அதே கடல்தான் ஏறியது. டெலிபோன் செத்துப்போன தீவிலிருந்து தகவல் கொண்டுவந்ததில் அந்தக் குழுவின் ரேடியோவுக்குப் பெரிய பங்கு. அப்படிப்பட்ட நாளில் கூப்பிடுகிறவரிடம் நல்ல ஆன்டெனா இருக்காது. கார் பேட்டரியும் மரத்தில் வீசிய கம்பியும்தான் இருக்கும். அந்த முனகலைக் கேட்கிற காது கரையில் வேண்டும். புயல் வந்தால் முதல் அடி வாங்குகிற கடலோர ஊரில் ஒருவர் செலவழித்து வைக்கிற காது, நியூயார்க்கை மட்டும் கேட்டு, நெல்லூரைக் கேட்காது என்றால் அதை எப்படி நல்ல காது என்பது?

இதற்கும் வழி மலிவுதான். 7 மெகாஹெர்ட்ஸ் டைபோல் சுமார் 66 அடி. 40-க்கு 60 கிரவுண்டின் குறுக்கு மூலை 72 அடி. மூலைக்கு மூலை கட்டினால் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்காரும். தாழ்வாக இருப்பதால் தலைக்கு மேலிருந்து இறங்குவதை நன்றாகவே வாங்கும். கொடி ஒன்று, டைபோல் ஒன்று, நடுவில் ஒரு ஸ்விட்ச்.

"அப்ப போட்டியில ஜெயிக்கிறது எப்படி? பெரிய அணி இல்லாம முடியுமா?" என்று கேட்பார்கள். முடியாது. 160 மீட்டரில் உலகத்தரம் வேண்டும் என்றால் பெரிய அணி வேண்டும், அதற்கு வேறு ஊர் வேண்டும். நம்ம மாநிலத்திலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் 1970-இல் ஊட்டி முத்தோரையில் இயக்கிவைத்த ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அங்கே முதலில் தேடியது மலையை. ஊரின் அட்சரேகை அளவுக்கே, சுமார் 11 டிகிரி, வடக்கு தெற்காகச் சரிகிற ஒரு சரிவைத் தேடிக் கண்டுபிடித்து, தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கும்படி அதன் மேல் கட்டினார்கள். அவர்கள் கேட்டது வானத்தை, ஹாம் கேட்பது பூமியை. ஆனாலும் இடத்தைப் பார்த்த பிறகுதான் இரும்பு வாங்கினார்கள். பத்து ஹாம்கள் சேர்ந்து, கும்மிடிப்பூண்டிக்கும் அப்பால் லைன் போகாத ஒரு மானாவாரி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தால் எட்டுக் கம்பமும் நடலாம், செலவும் பத்தாகப் பிரியும். தனித்தனியாக வாங்கிப் பத்து மொட்டை மாடியில் துருப்பிடிக்க விடுவதை விட அது எவ்வளவோ மேல்.

காத்திவாக்கத்துக்காரர் அதுவரை செய்ய ஒரு வேலை இருக்கிறது. பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை மின்தடை என்று பேப்பரில் ஏரியா பெயர் போட்டு வருமே, அன்றைக்கு மற்றவர்கள் மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டிருக்கட்டும். பேட்டரி ரேடியோவோடு 8.50-க்கு மாடிக்குப் போய், 9 மணிக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை, ஒவ்வொரு பேண்டிலும் இரைச்சல் எவ்வளவு என்று குறித்துக்கொள்ள வேண்டும். பகலில் தூரதேசம் எதுவும் வராது, அதனால் கேட்பது அத்தனையும் உள்ளூர்ச் சரக்கு. 2 மணிக்குக் கரண்ட் வரும்போது எந்த நொடியில் எந்தத் திசையிலிருந்து உறுமல் திரும்புகிறது என்பதையும் விடாமல் எழுத வேண்டும். எந்த ஆன்டெனா என்று அதற்கு அப்புறம் பேசலாம்.